ஆறு விலகிய பிறகு எழுந்த ஊர்

தார் பாலைவனம் என்றதும் எல்லோரும் ஜெய்சல்மேருக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள். நான் பார்க்க ஏங்கியது ராஜஸ்தானின் வட மூலையில் இருக்கும் காக்கர் ஆற்றுப் படுகையை.

மழைக்காலம் முடிந்த கையோடு சூரத்கரிலிருந்து, சிந்து சமவெளி (ஹரப்பா) நாகரிகத்தின் நகரம் ஒன்று புதைந்து கிடந்த காலிபங்கனுக்குக் கிளம்பினேன். வழியெங்கும் மணல்மேடுகள். அவற்றின் மேல் வன்னி மரங்கள், நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. அப்புறம் மணல் சட்டென்று முடிந்து, பல கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டமான களிமண் பூமி விரிகிறது. அதில் நெல் விளைந்து நிற்கிறது! இந்தப் பள்ளத்தை ஊர்க்காரர்கள் 'நாலி' என்கிறார்கள்.

காக்கர் சிவாலிக் குன்றுகளில் பிறந்து, பெரும்பாலும் மழைக்காலத்தில் மட்டும் ஓடி, பாலைவனத்தில் வற்றிப்போகும் ஆறு. இவ்வளவு அகலமான பள்ளத்தாக்கை உண்டாக்கும் தெம்பு அதற்குக் கிடையாது. அப்படியானால் உண்டாக்கியது யார்?

விடை காலடியில் இருக்கிறது. களிமண்ணுக்குக் கீழே துளையிட்டால், சட்லஜிலும் யமுனையிலும் கிடக்கும் அதே வகைச் சாம்பல் நிற மணல் வருகிறது. அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத் துகள்களின் வயது, இமயமலையின் எந்தப் பகுதியிலிருந்து அவை உருண்டு வந்தன என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மணல் எப்போது புதைந்தது என்பதையும் அறியலாம். குவார்ட்ஸ் துகள் வெயிலை விட்டு மறைந்த நாள் முதல், சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தைச் சேமித்து வைக்கும். வெளிச்சம் படாமல் எடுத்துப் போய் ஆய்வகத்தில் ஒளியூட்டினால், அது வெளியிடும் மினுக்கத்தைக் கொண்டு காலத்தைக் கணக்கிடலாம்.

ஐ.ஐ.டி. கான்பூரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. சட்லஜ் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாதையை விட்டு விலகிவிட்டது என்கிறது அது. காலிபங்கனின் ஹரப்பா நகரமோ கி.மு. 2600 வாக்கில்தான் எழுந்தது. அதாவது, பேராறு போன பிறகே மக்கள் வந்திருக்கிறார்கள். ஹரப்பா காலம் வரை ஆறு வற்றாமல் ஓடியது என்று வாதிடும் 2019 ஆய்வும் உண்டு. எனக்கு முந்தையதுதான் சரியாகப் படுகிறது. கரையை உடைத்துப் பாதை மாற்றும் இமயமலை ஆற்றின் ஓரத்தில் நகரம் கட்டுவது ஆபத்து. அது விட்டுச்சென்ற தாழ்வான வண்டல் நிலத்தில், பருவமழை வெள்ளத்தை நம்பி விதைப்பதுதான் விவசாயி செய்யக்கூடிய காரியம்.

காலிபங்கனில் 1960 முதல் 1969 வரை தோண்டியபோது, ஹரப்பா நகரத்துக்கும் முந்தைய உழுத வயல் ஒன்று கிடைத்தது. குறுக்கும் நெடுக்குமாக ஏர்ச்சால்கள். அதே முறையில் கடுகும் பயறும் கலந்து விதைக்கும் வழக்கம், தோண்டிய அந்த 1960-களிலும் அந்த வட்டாரத்தில் இருந்ததாம். இதை நினைத்துக்கொண்டு மேட்டில் நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்று சட்லஜ் தண்ணீர் இந்தப் பக்கம் மறுபடி வருகிறது. பஞ்சாபில் பியாஸ் வந்து கலக்கும் ஹரிகேயிலிருந்து, இந்திரா காந்தி கால்வாய் வழியாக. போகிறவர்கள் குளிர்காலத்தில் போங்கள். காலிபங்கன் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.