நெஞ்சுவலி: ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கேத் லேப் வரை

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் மாரடைப்பு வந்தால், வைத்தியம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பிக்கக் கூடாது. ஊரிலேயே ஆரம்பிக்கணும். 2023ல் வந்த தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் இதுக்குத்தான். அதில் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. மொத்தம் 14 மாத்திரை, ஒரே தடவையில். “இத்தனையா?” என்று வீட்டுக்காரர்கள் பதறுவது வழக்கம். ஆரம்ப டோஸ் அப்படித்தான். அல்சர், ரத்தக்கசிவு, ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

இந்த மாத்திரைகள் அடைப்பைக் கரைக்காது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். கரைக்கிற ஊசி வேறு. ஈசிஜி பார்த்துவிட்டு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்றுவார்கள். அது வேலை செய்தால், 24 மணி நேரத்துக்குள் கேத் லேபில் (மெல்லிய குழாய் செலுத்தி இதயத்தைப் பார்க்கிற அறை) ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாயைப் படம் எடுத்து அடைப்பைப் பார்ப்பது.

சொதப்புவது எப்போதும் தூரம் அல்ல. ‘கேஸ் டிரபுள்’ என்று சோடா குடித்து ராத்திரியை ஓட்டுவதுதான். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம்.

ரெஃபரல் சீட்டில் ஊசி போட்ட நேரம் இருக்கா என்று ஆம்புலன்ஸ் ஏறுமுன் பாருங்க. ஈசிஜி தாளை போனில் படம் எடுத்துக்குங்க, வெயில் பட்டால் மங்கிடும்.