புன்கின் தகஷிமதா: மணப்பெண்ணின் கொண்டை

கியோட்டோவில் மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் எங்கள் தொழிலுக்கு நாட்காட்டிதான் முதலாளி. 'தைஆன்' என்னும் நல்ல நாள் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ சனி, ஞாயிறில் வந்துவிட்டால் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். 'புத்சுமெத்சு' என்னும் ஆகாத நாளில் கல்யாணம் வைப்பவர்கள் குறைவு. மரச்சீப்புகளைத் துடைத்துக் கமேலியா எண்ணெய் தடவி வைக்க அன்றுதான் நேரம் கிடைக்கும்.

ஜப்பானில் சிகை அலங்காரம் செய்ய அரசு உரிமம் வேண்டும். 1957-இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. உரிமத்துக்காக முடி வெட்டவும் சுருட்டவும் படித்தேன். மணப்பெண்ணின் கொண்டையை மட்டும் என் சென்செய் (குரு) பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர் இளமையில் கல்யாணங்கள் வீட்டிலேயே நடந்தனவாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கே போய், தலைவாரி, முகத்துக்கும் பிடரிக்கும் வெள்ளைப் பூச்சு பூசி, கிமோனோவும் கட்டிவிட்டு வருவாராம்.

புன்கின் தகஷிமதா என்ற அந்தக் கொண்டைக்கு முன்நெற்றி, இரு பக்கம், பிடரி, உச்சி என்று முடியைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். முடியில் தடவும் பின்ட்சுகே மெழுகு கட்டியாக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால்தான் இளகும். முடியைத் திரட்டி ஒரு கையில் பிடித்து, 'மொத்தோயுய்' என்ற முறுக்கிய காகிதக் கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியை இழுத்து இழுத்துச் சுற்றுவோம். தளர்ந்தால் சடங்கு முடிவதற்குள் கொண்டை சரியும். இறுகினால் மதியத்துக்குள் பெண்ணுக்குத் தலைவலி வந்துவிடும்.

இப்போது பெரும்பாலும் 'கத்சுரா' என்கிற விக்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஷிரோமுகு என்ற வெள்ளைக் கல்யாணக் கிமோனோவில் சடங்கை முடித்துவிட்டு விருந்துக்குக் கவுன் மாற்றும் பெண்ணுக்கு அது பெரிய வசதி. ஆனால் கனம் அதிகம். கோயிலில் குனிந்து வணங்கும்போது கழுத்து விறைத்துக்கொள்வதை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். சொந்த முடியில் கட்டியவளுக்கு அந்தத் தயக்கம் இருக்காது. தலையோடு சேர்ந்தே கொண்டையும் குனியும். அதனால் நீளமான முடியோடு யார் வந்தாலும் முதலில் கேட்டுவிடுவேன்: "உங்கள் முடியிலேயே கட்டலாமா?" சம்மதிப்பவர்கள் சிலர்தான். அவர்களுக்காகவே இந்தக் கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

என்னிடம் வேலை பழகும் பெண்களுக்குப் பயிற்சிக்கு என் தலையைத்தான் கொடுக்கிறேன். கயிறு எங்கே இறுகுகிறது, எந்த ஊசி குத்துகிறது என்று பொம்மைத் தலை சொல்லாது.