தொட்டி நிறைந்திருக்கிறதா?

பல ஆண்டுகள் வங்கிக் கணினிகளைக் காத்த தெம்பில்தான் மண்டலக் குடிநீர் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பு மேலாளராகச் சேர்ந்தேன். அந்தத் தெம்பு ஒரு வாரம் தாங்கியது.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று அறிய, பழக்க தோஷத்தில் வலையமைப்பை ஸ்கேன் செய்தேன். சில நிமிடங்களில் ஒரு நீரேற்று நிலையத்தின் பழைய பிஎல்சி, அதாவது பம்பை இயக்கி நிறுத்தும் சிறு கணினி, உறைந்துபோனது, பம்ப் நின்றது. மேற்பார்வையாளர் ஓடிப்போய் பேனலில் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த தடவை சொல்லிவிட்டுச் செய்யுங்கள் சார். தொட்டி நிறைந்திருக்கும்போது வைத்துக்கொள்வோம்" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

அந்தக் கருவிகள் பேசும் மோட்பஸ் மொழி 1979இல் பிறந்தது. கட்டளையிடுவது யார் என்று கேட்கும் வழக்கமே அதற்குக் கிடையாது.

பிறகு நோட்டும் டார்ச்சுமாக நிலையம் நிலையமாக நடந்தேன். வரைபடம் ஒன்று சொன்னது, பேனல் வேறு சொன்னது. ஒரு பேனலின் மூலையில், ஒப்பந்தம் முடிந்துபோன யாரோ வைத்துவிட்டுப் போன, வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் மோடம், தூசு படிந்து, பச்சை விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

நிர்வாகத்திடம் பணம் கேட்டபோது வைரஸ் கதைகள் எடுபடவில்லை. ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னேன்: கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர், ரேடியோ வழியாகப் பம்புகளை ஆட்டிவைத்து சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியே ஓடவிட்டார். எங்கள் மோடத்தின் படத்தையும் காட்டினேன். கையெழுத்து கிடைத்தது.

கடவுச்சொல்தான் பெரிய தலைவலி. 2023இல் அமெரிக்காவின் அலிக்விப்பா நகரக் குடிநீர் நிறுவனத்தில் இணையம்வழி தாக்கப்பட்ட வகைக் கருவிக்குத் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் 1111. எங்களுடையதும் அந்த லட்சணம்தான். ஆனால் நள்ளிரவில் குளோரின் அளவு தாறுமாறாகும்போது பூட்டிய திரைமுன் ஒருவரை நிறுத்த முடியுமா? பார்ப்பதற்குப் பூட்டில்லை, மாற்றுவதற்கு மட்டும் அவரவர் அடையாளம் என்று முடிவானது. திரையில் யார் என்ன மாற்றினாலும் தாண்டாதபடி, குளோரினின் மேல்வரம்பை பிஎல்சிக்குள்ளேயே எழுதிவைத்தோம். என்னைக் கேட்டால், செய்ததில் உருப்படியானது அதுதான்.

சென்ற மாதம் அதே மேற்பார்வையாளர் அழைத்தார். "சார், பேனலில் தெரியாத மோடம் ஒன்று இருக்கிறது. கழற்றட்டுமா?"

"தொட்டி நிறைந்திருக்கிறதா?" என்று கேட்டேன்.