ஏசிசி சான்றிதழ்: மென்டர் கோச்சிங்கில் மாட்டிக்கொண்டு மீண்டு வந்த அனுபவம்

அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டு ஒருவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்க உதவுவதுதான் நான் செய்யும் கோச்சிங். அதற்கு ஐசிஎஃப் (சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு) தரும் ஏசிசி (அசோசியேட் சர்டிஃபைட் கோச்) சான்றிதழ் போன வாரம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்ததும் மகிழ்ச்சிக்கு முன்னால் ஒரு பெருமூச்சுதான் வந்தது. பத்து மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலை, ஒன்றேமுக்கால் வருடம் இழுத்துவிட்டது. இந்த இழுபறியில் பாதிக்கு மேல், யாராவது முன்னாலேயே எச்சரித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

இதற்கு எடுக்க வேண்டிய 60 மணி நேரப் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாகவே நடந்தது.

சிக்கல் மென்டர் கோச்சிங்கில் ஆரம்பித்தது. நாம் கோச்சிங் செய்யும் விதத்தைச் சான்றிதழ் பெற்ற இன்னொரு கோச் பார்த்துத் திருத்துவதுதான் அது. சேரும்போதே, "10 மணி நேர மென்டர் கோச்சிங்கும் இந்தக் கட்டணத்திலேயே அடக்கம்" என்று பயிற்சி நிறுவனத்தில் சொன்னார்கள். நம்பினேன். அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து, பத்து மணி நேரத்தையும் ஓட்டி முடித்து, கையில் ஒரு சான்றும் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் ஐசிஎஃப் விதியை வரி வரியாகப் படித்தேன். அந்த 10 மணி நேரம் குறைந்தது 3 மாத காலத்துக்குப் பரவி இருக்க வேண்டும். அதில் குறைந்தது 3 மணி நேரம் மென்டரும் நாமும் மட்டும் தனியாக அமர்ந்ததாக இருக்க வேண்டும். குழுவாக நடந்தால் 10 பேருக்கு மேல் கூடாது. என் சான்று இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தவில்லை.

நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். "இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார் எதிர்முனையில் இருந்தவர். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். மூன்று அனுப்பினேன். முதல் இரண்டுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. கடைசியில் வேறொரு மென்டரைத் தேடிப் பிடித்து, மறுபடியும் பணம் கட்டி, முதல் மணி நேரத்திலிருந்து தொடங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. நீங்கள் எங்கே சேர்வதானாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மென்டர் கோச்சிங் எத்தனை மாதம் நடக்கும், அதில் தனி அமர்வு எத்தனை மணி நேரம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மென்டரின் தகுதியையும் பாருங்கள். அவர் ஏசிசி மட்டும் வைத்திருந்தால், அதை ஒரு முறையாவது புதுப்பித்திருக்க வேண்டும்.

அடுத்தது லாக், அதாவது செய்த கோச்சிங்கை மணிக்கணக்கில் எழுதி வைக்கும் பதிவேடு. 100 மணி நேர கோச்சிங், குறைந்தது 8 கிளையன்ட் வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நூறில் 75 கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மாதாமாதம் கூட்டிப் பார்க்கவில்லை. 112 மணி நேரம் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவன், பிரித்துப் போட்டதும் ஆடிப்போனேன். கட்டணம் வாங்கியது 65, இலவசமாகச் செய்தது 47. இலவசத்தில் 25 மட்டும்தான் கணக்கில் வரும். ஆக 90.

அதோடு நிற்கவில்லை. லாக்கில் கிளையன்டின் பெயரும் தொடர்பு விவரமும் எழுத வேண்டும், அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். முதல் ஆறு மாதம் நான் யாரிடமும் அதைக் கேட்கவே இல்லை. பழைய கிளையன்ட்களை ஒவ்வொருவராகத் தேடி எழுதினேன். மூன்று பேர் எண்ணை மாற்றியிருந்தார்கள், பிடிக்கவே முடியவில்லை. கட்டண மணி நேரத்தில் இன்னும் 5 போயிற்று. இப்போது முதல் அமர்வுக்கு முன்னாலேயே ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பிவிடுகிறேன். லாக்குக்கான சம்மதம் ஒரு வரி, ஒலிப்பதிவுக்கான சம்மதம் தனியாக இன்னொரு வரி. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு நல்லது நடந்தது. என் கிளையன்ட் ஒருவர் கணக்காளர். என்னிடம் 6 மணி நேரம் கோச்சிங் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு என் வரவுசெலவுக் கணக்கு முழுவதையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்திருந்தார். பணம் கைமாறவில்லை என்பதால் இலவசத்தில் எழுதி வைத்திருந்தேன். பண்டமாற்றாகப் பொருளோ சேவையோ வாங்கினாலும் அது கட்டணம்தான், தொகை எவ்வளவு என்பதும் முக்கியமில்லை என்று விதியிலேயே இருக்கிறது. 60 என்பது 66 ஆனது. அன்றைக்கு இருந்த மனநிலையில் அந்த ஆறு மணி நேரம் புதையல் மாதிரி இருந்தது. மீதி 9 மணி நேரத்தை இரண்டு மாதத்தில் முடித்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் செய்த கோச்சிங் எதுவும் எண்ணிக்கையில் வராது.

இனி என்னை உண்மையில் மாற்றிய பகுதிக்கு வருகிறேன். நான் போனது போர்ட்ஃபோலியோ வழி, அதாவது தேவையானவற்றை நாமே திரட்டி விண்ணப்பிப்பது. அதற்கு ஓர் அமர்வின் ஒலிப்பதிவும், அதைச் சொல்லுக்குச் சொல் நேரக் குறிப்போடு எழுதிய பிரதியும் தர வேண்டும். பதிவு 20 முதல் 60 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த அமர்வு 64 நிமிடம் ஓடியிருந்தது. வெட்டி ஒட்டித் தர மனமில்லாமல் அதை விட்டுவிட்டேன். இன்னொன்றில் என் குரல் மட்டும்தான் பதிவாகியிருந்தது. மூன்றாவதாக ஒரு 38 நிமிடப் பதிவைப் புது மென்டரிடம் கொண்டுபோனேன்.

"மென்பொருள்ல போடாதீங்க. நீங்களே கேட்டு, கையால டைப் பண்ணுங்க" என்றார். நான்கு இரவு ஆனது. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டபோதுதான் நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது. பக்கத்தில் பாதிக்கு மேல் என் வரிகள். ஓரிடத்தை அப்படியே தருகிறேன். கிளையன்டின் அனுமதி இருக்கிறது, விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

12:40 கிளையன்ட்: "அந்தப் பதவி வேண்டாம்னு சொல்லிடலாமான்னு இருக்கு. ஆனா அது எனக்குன்னு மட்டும் இல்ல…"
12:46 நான்: "சரி, இப்போ உங்க முன்னாடி என்னென்ன வழி இருக்கு?"

மென்டர் அங்கே நிறுத்தினார். "'எனக்குன்னு மட்டும் இல்ல'ன்னாரே. அப்புறம் யாருக்கு? கேட்கணும்னு தோணலையா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த நேரத்தில் என் மனம் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நிமிடம் தாண்டி, "உங்க மேனேஜர்கிட்ட நேரா பேசிப் பார்த்தா என்ன?" என்று கேட்டிருந்தேன். "இது கேள்விக்குறி போட்ட அறிவுரை" என்றார். கிளையன்டுக்கு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பதிலேயே அமர்வு ஓடினால் மதிப்பீட்டில் தேற முடியாது. அந்தப் பதிவை அப்படியே அனுப்பியிருந்தால் எனக்கு அதுதான் நடந்திருக்கும்.

அவர் கொடுத்தது ஒரே ஒரு பயிற்சி. கிளையன்ட் பேசி நிறுத்தியதும் மூன்று மூச்சு வரை வாயைத் திறக்கக் கூடாது. ஆறு வாரம் இது மட்டும்தான். முதல் வாரம் ஒவ்வொரு மூச்சும் ஒரு யுகமாகப் போனது. பிறகு பழகியது. 3 மாத விதி ஏன் இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு மென்டர் அமர்வுகளுக்கு நடுவில் நிஜமான கிளையன்ட்களிடம் முயன்று, தவறி, மறுபடி முயல நாள் வேண்டும். இரண்டு வார இறுதிகளில் அது நடக்கவே நடக்காது. விதிமேல் இருந்த கோபம் போய்விட்டது. நிறுவனத்தின்மேல் இருப்பது போகவில்லை.

அதே கிளையன்ட் மறுபடி வந்தார். இந்தமுறை பிரதியில் 17:42-க்கு நேரே "11 நொடி மௌனம்" என்று டைப் செய்தேன். அதற்கு அடுத்த வரி அவருடையது: "நான் பயப்படறது வேலைக்கு இல்ல. என் தம்பி என்ன நினைப்பான்னுதான்." ஒரு கேள்விகூடக் கேட்காமல் வந்த வரி அது. இந்தப் பதிவைத்தான் அனுப்பினேன், தேறியது.

கடைசியாக மீதி இருந்தது ஐசிஎஃப் தேர்வு. அதற்கு மூன்று வாரம் படித்தேன். தேர்ச்சி மதிப்பெண் 460, ஒரே முறையில் தாண்டிவிட்டேன்.

சான்றிதழ் 3 வருடத்துக்கு. புதுப்பிக்க 40 சிசிஇ (தொடர் கோச்சிங் கல்வி) அலகு வேண்டும், ஏசிசிக்கு அதில் 10 மணி நேரம் மறுபடியும் மென்டர் கோச்சிங். என் புது மென்டரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.