நீச்சல் முடி: குளோரின் பாதி, உப்புத் தண்ணி பாதி

சேலத்தில் தினமும் நீச்சலுக்குப் போகிறவர்கள் இரண்டு மாதத்தில் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்றால் முதலில் திட்டுவது குளோரினைத்தான். திட்டட்டும், தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து எந்தக் குழாயைத் திறந்து தலையை அலசினீர்கள்? இந்த ஊரில் பல வீடுகளில் இரண்டு குழாய். ஒன்றில் மேட்டூர்த் தண்ணி, அதுதான் நல்ல தண்ணி. இன்னொன்றில் போர் தண்ணி, அதுதான் உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க முதலாவது. குளிக்க, துவைக்க இரண்டாவது. வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வெட்டி எடுக்கிற மண்ணில் போர் போட்டால் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வரத்தான் செய்யும். வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிற அதே சுண்ணாம்பு முடியிலும் படிகிறது. குளோரின் முடியைச் சொரசொரப்பாக்கி வைக்கிறது, உப்புத் தண்ணி அந்தச் சொரசொரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை விட்டால் எந்த விலை கண்டிஷனரும் வேலை செய்யாது.

முடியின் மேல்பக்கம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப்பசை. நீச்சல் குளத்தில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் வைப்பார்கள். குடிநீர்க் குழாயில் குறைந்தது 0.2 இருந்தால் போதும் என்பது கணக்கு. வித்தியாசம் புரிகிறதா? அந்தப் பசை முதலில் போகும், பிறகு செதில் தூக்கிக்கொள்ளும், கடைசியில் உள்ளே இருக்கும் புரதம் அரிபடும்.

நல்ல செய்தி என்னவென்றால் முடிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீர் குடித்ததும் நிரம்பிவிடும். அதனால் குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரால் அதை நிரப்பிவிடுவதுதான் மொத்தப் பாதுகாப்பில் பாதி. குளத்தோரத்து ஷவரில் வருவது பெரும்பாலும் போர் தண்ணி. அதிலே நனைத்தாலும் சும்மா இறங்குவதை விடப் பரவாயில்லை. ஆனால் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணி கொண்டு போவதற்கு என்ன செலவு? ஊற்றியதும் முதல் தண்ணீர் முடிமேல் உருண்டு ஓடிவிடும், உள்ளே போகாது. ஊற்றி, விரலால் பிசைந்து, மறுபடி ஊற்றி, குறைந்தது ஒன்றரை நிமிடம். நிரம்பியதா என்று பார்க்க ஒரு கொத்தின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தி உருவுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. எங்காவது தடைபட்டால் அந்த இடம் இன்னும் காய்ந்திருக்கிறது. அடர்த்தியான முடியில் பிடரிப் பக்கம் எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் அளவு தெரியாமல் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படி இறங்குவதில்லை என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்களே சோதித்து எழுதியிருக்கிறார்கள். அதற்காகத் தலை சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டு குளத்தில் குதிப்பதா? எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஃபில்டரை அடைக்கும், குளோரினைத் தின்னும், பராமரிப்பவர் இன்னும் குளோரின் போடுவார். தோள் வரை முடிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. இடுப்பு வரை என்றால் இரண்டு. காதுக்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டும், முந்தின நாள் ராத்திரியே. காலையில் கையில் பிசுக்கு ஒட்டக்கூடாது, அதுதான் அளவு. எண்ணெய்க் குளியல் நீச்சல் இல்லாத நாளில்.

தொப்பி தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். எந்தத் தொப்பியும் தடுக்காது. அது செய்வது, உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர் வெளியே போய்க் குளத்துத் தண்ணீர் மாறி மாறி உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. துணித் தொப்பி வலை மாதிரி, முடி முகத்தில் விழாமல் இருக்கும், அவ்வளவுதான். லேட்டக்ஸ் மலிவு, ஆனால் முடியைப் பிடித்து இழுக்கும்; எண்ணெய் பட்டால் சீக்கிரம் பிசுபிசுத்துக் கிழியும். சிலிக்கான்தான் சரி. நீள முடிக்கென்று பின்பக்கம் பை மாதிரி விட்ட வடிவில் கிடைக்கிறது; கொண்டையைச் சாதாரணத் தொப்பிக்குள் திணித்தால் நெற்றியோரம் தாங்குகிற இழுப்பில் அங்கேதான் முதலில் முடி உடையும். ஈரத் தலையில் போடுங்கள், நகம் படாமல் இரண்டு உள்ளங்கையாலும் விரித்து. ஹேர்பின் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், துணி சுற்றின பேண்ட் போதும்.

குளத்திலிருந்து ஏறிய பிறகு பத்து நிமிடத்துக்குள் தலை அலசியாக வேண்டும். ஈரத்தோடு ஸ்கூட்டரில் கிளம்பினால் காற்றில் தண்ணீர் மட்டும் போகிறது, அதில் கரைந்திருந்த உப்பெல்லாம் முடியிலேயே தங்கிவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் ஈரத் தலை என்பது பொடுகுக்குப் போடுகிற பாய்.

குளோரின் வாசம் அலசியும் போகவில்லை என்றால் வைட்டமின் சி கைகொடுக்கும். அஸ்கார்பிக் அமிலப் பொடி கால் டீஸ்பூன், சுமார் ஒரு கிராம், அரை லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, அலசின முடியில் அடித்து இரண்டு நிமிடம் விட்டு ஷாம்பு போடுங்கள். குளோரினைச் செயலிழக்கச் செய்ய அது தாராளம். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும்; வைத்திருந்தால் மஞ்சளாகும், பலனும் போய்விடும். எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறதே என்று அதைப் பிழிகிறார்கள். இருக்கிறது, கொஞ்சம்தான். எலுமிச்சையின் வேலை வேறு, சுண்ணாம்பைக் கரைப்பது. வாரம் ஒருமுறை, அரை மூடிச் சாற்றை வடிகட்டி ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் கலந்து, ஷாம்புக்குப் பிறகு முடி நீளத்தில் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நல்ல தண்ணியால் அலசுங்கள். சாற்றை அப்படியே தலையில் தேய்த்தால் எரியும். வடிகட்டாவிட்டால் சக்கையைப் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தினமும் நீந்துகிறவர்கள் ஷாம்புவை ஒரு மக்கில் கரைத்து மண்டைக்கு மட்டும் ஊற்றினால் போதும். நுரை வழிந்து நுனியைப் பார்த்துக்கொள்ளும். லேபிளில் ஈடிடிஏ இருக்கிறதா என்று பாருங்கள், அது உலோகத்தையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு போகும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது, உப்புத் தண்ணியில் அது திரிந்து மெழுகு மாதிரி ஒட்டும். அரப்பும் சீயக்காயும் அப்படித் திரிவதில்லை. நம் பாட்டிமார் கிணற்றடியில் அரப்பை வைத்துக்கொண்டு சமாளித்தது சும்மா இல்லை. ஆனால் பொடியை மெல்லிய துணியில் சலித்து, வடிகஞ்சியில் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் போட வேண்டும். கரடுமுரடான அரப்பை ஏற்கனவே செதில் தூக்கிய முடியில் பரபரவென்று தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். கண்டிஷனர் மட்டும் ஒவ்வொரு முறையும், காதுக்குக் கீழே. அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துவட்ட டர்க்கி டவலை விட ஈரிழைத் துண்டு நல்லது. ஒற்றி எடுங்கள், முறுக்காதீர்கள். ஈரத் தலையைப் பின்னி மல்லிகை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பழக்கம் இருந்தால், மாலையில் வருகிற வாடைக்குப் பூக்காரம்மாவைக் குறை சொல்ல முடியாது.

ஏற்காட்டில் கதை தலைகீழ். 1,500 மீட்டர் உயரத்தில் மழைத் தண்ணீரும் சுனைத் தண்ணீரும் மென்மையானவை. கீழே போடுகிற அளவு ஷாம்பு போட்டால் நுரை போகவே போகாது, பாதி போதும். அங்கே தொல்லை, காய்வதுதான். மேகம் இறங்கின நாளில் மதியம் வரை ஈரம் நிற்கும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில் மண்டையை மட்டும் காயவையுங்கள். ஈரத் தலையோடு பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால், அஸ்தம்பட்டியில் சிக்கெடுக்க ஆரம்பித்து முடிக்க ராத்திரி ஆகும்.

கிணற்று நீச்சலில் குளோரின் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது முழு உப்புத் தண்ணி. எலுமிச்சைத் தண்ணீர் அங்கே நீந்துகிறவர்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்.

நரைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை முடியில் பச்சை ஏறினால் அது குளோரின் இல்லை, செம்பு. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்ட குளத்தில் இது நடக்கும். கருமுடியிலும் ஏறும், கண்ணுக்குத் தெரியாது. ஈடிடிஏ ஷாம்பு இரண்டு மூன்று தடவை போட்டால் வெளுக்கும். சாயம் அடித்தவர்கள் இரண்டு மூன்று நாளாவது குளத்துப் பக்கம் போகாதீர்கள்.

முடி கொட்டுகிறது என்று பயந்து நீச்சலை நிறுத்துகிறவர்கள், நிறுத்தும் முன் சீப்பில் சிக்கியதில் பத்து முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. தினமும் 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும். அதற்கு மேல் போனால் தோல் மருத்துவரைப் பாருங்கள், குளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. குமிழே இல்லாமல் நீளம் குறைந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மாதிரி முடிச்சு தெரிந்தால் அது உடைந்த முடி. தொப்பி விளிம்பு உட்காரும் இடத்தையும் ரப்பர் பேண்ட் போட்ட இடத்தையும் கண்ணாடியில் பாருங்கள். அங்கே குட்டை முடிகள் வரிசையாக நின்றால், தொப்பியை ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள்.