கீழே நிற்பவனின் கைகள்

கம்போடியா போய்விட்டு வந்தேன் என்றாலே எல்லோரும் அங்கோர் வாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன். 62 டாலருக்கு மூன்று நாள் டிக்கெட் எடுத்து, இருட்டோடு எழுந்து போய், குளக்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சூரிய உதயம் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் ஒரு சிவப்புக் கூடாரத்துக்குள் பார்த்த ஒரு மணி நேர சர்க்கஸையும், அங்கே கையை நீட்டியபடி கீழே நின்ற ஒரு பையனையும் பற்றித்தான்.

நான் பி.டி. டீச்சர். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளை ஓடவும் குதிக்கவும் வைப்பதுதான் என் வேலை. கோடை விடுமுறையில் தங்கையோடு கிளம்பி, கோலாலம்பூர் வழியாக சியம் ரீப் போய் இறங்கினோம். சர்க்கஸ் பார்க்கலாம் என்று சொன்னது தங்கைதான். எனக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை. சர்க்கஸ் என்றால் சின்ன வயதில் பார்த்த, கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்த அந்தச் சிங்கம்தான் எனக்கு ஞாபகம் வரும். “இங்கே மிருகமே கிடையாதாம்க்கா, எல்லாம் மனுஷங்கதான்” என்றாள். சரி என்று கிளம்பினேன்.

சாயங்காலம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. மே மாதக் கடைசி, அங்கே மழைக்காலம் தொடங்கும் நேரம். ரெமோர்க் என்கிற அந்த ஊர் டுக்டுக்கில் ஏறி ரிங் ரோட்டுக்குப் போனோம். வாசலில் ஈரமண் வாசனையும் பாப்கார்ன் வாசனையும் கலந்து வந்தது. எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டதால், அந்த சர்க்கஸை நடத்தும் நிறுவனத்தின் கதையை நின்று நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. படித்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் பார்த்ததில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தது. 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சி வீழ்ந்தது. கம்போடியர்கள் இதை ‘மூன்று வருஷம், எட்டு மாதம், இருபது நாள்’ என்று நாள் கணக்கோடு சொல்கிறார்கள். அந்த நாட்களில் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் இறந்தவர்கள் பதினேழு லட்சத்திலிருந்து இருபது லட்சம் பேர் வரை இருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஆசிரியர்கள், நடனக்காரர்கள், பாட்டுக்காரர்கள், ஓவியர்கள் என்று ஒரு தலைமுறையே போய்விட்டது. ஓர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனால், அந்த ஆட்டமும் கூடவே போய்விடும். புத்தகத்தைப் பார்த்து யாரும் குட்டிக்கரணம் பழக முடியாது.

தப்பியவர்களில் லட்சக்கணக்கானோர் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்களில் இருந்தார்கள். அதில் சைட் டூ என்கிற முகாமில், 1986-இல் வெரோனிக் தெக்ரோப் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். முள்வேலிக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காகிதமும் வண்ணமும் கொடுத்தார், அவ்வளவுதான். முகாம்கள் மூடி எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, அவரிடம் படித்த ஒன்பது இளைஞர்கள் அவரையும் சேர்த்துக்கொண்டு 1994-இல் பட்டாம்பாங் நகரத்தின் ஓரத்தில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயர் ‘ஃபார் பொன்லு செல்பாக்’. கலையின் ஒளி என்று அர்த்தம். செல்பாக் என்பது நம் சிற்பம் என்ற சொல்லுக்கு உறவு. அதைப் படித்ததும் அந்தப் பெயர் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

முதலில் ஓவியம், அப்புறம் இசை. 1998-இல் சர்க்கஸ் பள்ளி வந்தது. அதைத் தொடங்கியவர் அந்த ஒன்பது பேரில் ஒருவரான குவோன் தெத். தெருவில் திரிந்த பிள்ளைகளும், வீட்டில் சோறில்லாத பிள்ளைகளும் வந்தார்கள். உட்கார்ந்து படம் வரையப் பொறுமை இல்லாத பிள்ளை குட்டிக்கரணம் போடு என்றால் நூறு தடவை போடும். இது எந்தப் பி.டி. டீச்சருக்கும் தெரிந்த விஷயம். அப்படி வளர்ந்தவர்களுக்கு வேலையும் சம்பளமும் வேண்டும் என்றுதான் 2013-இல் சியம் ரீப்பில் இந்தக் கூடாரம் போட்டார்கள். இதில் வரும் வருமானம் பட்டாம்பாங் பள்ளிக்கும் போகிறது.

இவர்களிடம் பல கதைகள் உண்டு, மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நாங்கள் போன அன்று ‘சொக்கா’. நம் காதுக்குச் சட்டை என்று கேட்கும். ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர், வேர் நம்முடைய ‘சுகம்’ தான். கம்போடியாவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பதே “சொக் சபாய் தே?” என்றுதான். சுகமா, சந்தோஷமா என்று அர்த்தம். போன முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டோம். கெமர் ரூஜ் காலத்தின் காட்சிகள் துரத்தும் ஒரு பெண், கலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மீண்டு வருவதுதான் கதை. அவளுக்கு இப்படி ஒரு பெயர்.

வட்டமான மேடை. சுற்றிலும் படிப்படியாக பெஞ்சுகள். முந்நூறு பேர் இருக்கலாம். மின்விசிறிகள் சுற்றினாலும் புழுக்கம் போகவில்லை. ஒரு பக்கம் இசைக்காரர்கள் உட்கார்ந்து நேரிலேயே வாசித்தார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாம் இருபதை ஒட்டிய வயது. சம்கி வைத்த உடுப்பு, முகப்பூச்சு எதுவும் இல்லை. சாதாரண அரைக்கால் சட்டை, வெறுங்கால். ஒருவர் ஆட்டத்துக்கு நடுவிலேயே பெரிய துணியில் படம் தீட்டிக்கொண்டிருந்தார்.

கதையை நான் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. சத்தம் மாறி வெளிச்சம் சிவந்ததும், அதுவரை சிரித்துக்கொண்டே ஒருவர் முதுகில் ஒருவர் தாவி ஏறியவர்கள், அதே உடம்புகளை வைத்துக்கொண்டு பிணக்குவியலாக மாறினார்கள். அந்த இடத்தில் பக்கத்தில் இருந்த தங்கை என் கையைப் பிடித்தாள். அந்தப் பிள்ளைகளில் யாரும் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்தது அவர்களுடைய தாத்தா பாட்டி. ஆனால் விழுந்து கிடந்த விதத்தில் பொய் இல்லை.

பிறகுதான் அந்தப் பையனைக் கவனித்தேன்.

சீசா மாதிரி ஒரு பலகை. ஒரு முனையில் ஒருவன் நிற்க, மறுமுனையில் இரண்டு பேர் உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். நின்றவன் எகிறி, காற்றில் இரண்டு சுற்று சுற்றி, மூன்று ஆள் உயரத் தூணாக நிற்பவர்களின் தோளில் போய் நிற்க வேண்டும். கூடாரமே மேலே பார்த்தது. நான் பழக்கதோஷத்தில் கீழே பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பையன். முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. குதிகால் தரையில் படவில்லை. இரண்டு கைகளும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து, விரல்கள் தளர்ந்து இருந்தன. கண் மட்டும் மேலே பறப்பவனின் இடுப்பை விட்டு நகரவில்லை.

இது தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். விழுபவரைக் காப்பாற்ற நிற்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் எந்தப் பக்கமும் திரும்பும், ஏமாற்றிவிடும். இடுப்பு எங்கே போகிறதோ அங்கேதான் உடம்பு விழும். கையைப் பிடிக்கவும் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். இடுப்பையும் முதுகையும் தாங்கி, வேகத்தைத் தன் முழங்காலுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் இதெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. அவன் உடம்புக்கே அது தெரிந்திருந்தது. மேலே போனவன் தோளில் சரியாக நின்றான். கூடாரம் அதிரக் கைதட்டல். கீழே நின்றவன் கை அப்போதும் இறங்கவில்லை. தூண் கலைந்து, மூன்று பேரும் தரைக்கு வந்து, கடைசி ஆளின் கால் மெத்தையில் பட்ட பிறகுதான் கையை இறக்கினான். உடனே ஓடிப்போய் அடுத்த ஆளுக்குப் பலகையை நகர்த்தி வைத்தான். ஐந்து நிமிஷம் கழித்து அவனே பறந்தான். அப்போது வேறொருவன் வந்து கீழே நின்றான், அச்சு அசலாக அதே நிற்பு.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “என்னக்கா, அழறியா?” என்றாள் தங்கை. அவளுக்குக் காரணம் தெரியும். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் சுதந்திர தினத்துக்குப் பிரமிடு போட்டோம். நான்கு அடுக்கு. உச்சியில் கொடியோடு எட்டாம் வகுப்புப் பிள்ளை. பின்னால் இரண்டு மாணவிகளை நிறுத்தியிருந்தேன். அவள் கொடியை விரித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், அந்த இரண்டு பேரும் கைதட்டினார்கள். அந்த நொடியில் உச்சியில் இருந்தவள் சரிந்தாள். மணிக்கட்டு முறிந்தது. பின்னால் நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏறுவதற்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்தேன். நிற்பதற்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. “பின்னாடி நில்லுங்கடி” என்று சொன்னதோடு சரி. அந்தப் பிள்ளை தேறி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், பார்த்தால் சிரிப்பாள். நான்தான் அதற்குப் பிறகு பிரமிடு போடவே இல்லை. எந்தப் பள்ளியில் கேட்டாலும் டிரில் போதும் என்று சொல்லிவிடுவேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மேடைக்கு வந்து கைகூப்பினார்கள். பார்த்தவர்களும் இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். பறந்தவர்களைச் சுற்றித்தான் கூட்டம். நான் அந்த ஒல்லிப் பையனைத் தேடிப் போனேன். எனக்குக் கெமர் மொழி தெரியாது, அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். என்னைக் காட்டி “டீச்சர், ஸ்போர்ட்ஸ்” என்றேன். பிறகு பேச்சை விட்டுவிட்டு, அவன் நின்ற மாதிரியே நின்று காட்டினேன். முழங்காலை மடக்கி, கையை நீட்டி, மேலே பார்த்து.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, என் முழங்கைகளைத் தொட்டு உள்பக்கமாகக் கொஞ்சம் இறக்கினான். என் ஒரு காலைக் காட்டி, முன்னால் வைக்கச் சொல்லி சைகை செய்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் என் கைகள் மேல் வைத்துத் திடீரென்று எடை கொடுத்து அழுத்தினான். நான் அசையவில்லை. காலை முன்னால் வைத்ததால்தான் அசையவில்லை. அவன் உள்ளங்கை காய்ப்புக் காய்த்து, விறகு வெட்டுபவர் கை மாதிரி இருந்தது. “ஓர்குன்” என்றேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே கெமர் சொல் அதுதான்.

மறுநாள் அங்கோரில் இருக்கும் பாயோன் கோவிலுக்குப் போனோம். மற்றவர்கள் அந்தப் பெரிய கல்முகங்களைப் பார்க்க மேலே ஏற, நான் வெளிப்பிராகாரத்தின் வடக்குப் பக்கச் சுவருக்குப் போனேன். அங்கே ஒரு சர்க்கஸ் செதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இருக்கிறது. மல்லாந்து படுத்துக் காலால் சக்கரம் சுழற்றுகிறவர், கயிற்றில் நடக்கிறவர், மூன்று பேரை ஒரே ஆளாகத் தாங்கி நிற்கிறவர். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய வேலை. தாங்கி நிற்கிறவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அந்தப் பக்கம் கூட்டம் அவ்வளவாக வரவில்லை. தங்கை மேலே போய் முகங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் அங்கேயேதான் இருந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. தலைமையாசிரியையிடம் போய், இந்த ஆகஸ்ட் 15-க்குப் பிரமிடு போடுகிறேன் என்றேன். ஆச்சரியப்பட்டார், சரி என்றார். ஒன்பதாம் வகுப்பில் பதினாறு பிள்ளைகளை எடுத்திருக்கிறேன். மூன்று அடுக்குதான். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் ஒருவரையும் மேலே ஏற்றவில்லை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைத்து, மணல் நிரப்பிய சாக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பழக்குகிறேன். “எப்ப மிஸ் மேல ஏறுவோம்?” என்று தினமும் கேட்கிறார்கள். நேற்று ஒருத்தி சாக்கு வருவதற்கு முன்பே, யாரும் சொல்லாமல், ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள்.