பதினாறு குறுக்கு

"மூணே நிமிஷத்துல மூணு முடிச்சு போட்டு முடிச்சவன் நான். நீ மூணு வருஷமா ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவுத்துக்கிட்டிருக்கே" என்று என் கணவர் கேலி செய்வார். பொய்யில்லை. அந்த ஒரு முடிச்சு சரியாக விழவே எனக்கு ஏழு மாதம் ஆனது. குதிரைச் சேணத்துக்குத் தோல் வாரில் அலங்கார முடிச்சுப் போடக் கற்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அந்த ஏழு மாதத்தில் பாதியையாவது மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சலினாஸ் பக்கம். மகள் குதிரையேற்றம் கற்கப் போனாள், நான் லாயத்து வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன். அங்கே ஒரு பெரியவர், மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மடியில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு ஏதோ பின்னிக்கொண்டே இருப்பார். மூன்றாவது வாரம் "மிஹா, இந்த நுனியைப் பிடி" என்றார். மிஹா என்றால் நம் 'மகளே'தான். பிடித்தேன். அப்படித்தான் ஆரம்பம்.

முதலில் எதற்கு இந்த முடிச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரியவே இரண்டு மாதம் ஆனது. இந்த ஊர் வாக்கேரோக்கள், அதாவது ஸ்பானிய வழி வந்த மாடு மேய்ப்பர்கள், இளங்குதிரையைப் பழக்கும்போது வாயில் இரும்பு வைப்பதில்லை. மூக்கைச் சுற்றி ஒரு பின்னல் வளையம் போடுவார்கள். அதற்குப் போசால் என்று பெயர். நீர்த்துளி வடிவில் இருக்கும். மூக்கின் மேல் வரும் இடத்தில் நீளமாக ஒரு முடிச்சு, இரு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்று, கீழே வளையத்தின் இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் குண்டாக ஒன்று. பார்த்தால் நகை போலிருக்கும். ஆனால் மூக்கு முடிச்சுதான் குதிரைக்குச் சேதி சொல்வது. வளையத்தைக் குதிரையின் தலையில் தாங்கும் தலைவார், மூக்கு முடிச்சுக்கும் பக்க முடிச்சுக்கும் நடுவில் உட்கார்வதால் நழுவாமல் நிற்கிறது. கீழ் முடிச்சு இல்லையென்றால், அதற்கு மேல் சுற்றிக் கட்டும் மெக்காத்தே என்ற குதிரைமயிர்க் கயிறு கழன்று கீழே போய்விடும். கீழ் முடிச்சின் எடைதான், சவாரி செய்பவர் கையைத் தளர்த்தியதும் வளையத்தைத் தாடையை விட்டு இறங்கச் செய்கிறது. அலங்காரம் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து நான் அழகுக்காக ஒரு முடிச்சை அரை அங்குலம் தள்ளிப் போட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தலைவாரை எடுத்து மாட்டிக் காட்டினார். அது ஊஞ்சல் போல ஆடியது.

இனி என் முதல் தப்பு. எடுத்த எடுப்பில் பச்சைத்தோல் வாங்கினேன். நான் வாணியம்பாடிக்காரி, தோல் எனக்குத் தெரியாதா என்ற திமிர். எங்கள் ஊரில் நான் பார்த்து வளர்ந்தது பதனிட்ட தோல். பச்சைத்தோல் வேறு சாதி: மயிரை நீக்கிக் காய வைத்ததோடு சரி, பதனிடுவதே இல்லை. காய்ந்தால் எலும்பு மாதிரி, நனைந்தால் கொழகொழவென்று. அதில் முடிச்சுப் பழகுவது, நீச்சல் தெரியாதவன் ஆற்று வெள்ளத்தில் இறங்குகிற கதைதான். கடைசியில் அந்தத் தோலில் பாதியை லாயத்து நாய் தின்றது. நாய்க்கு மெல்லக் கொடுக்கும் எலும்பு வடிவத் துண்டும் இதே சரக்குதான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

நீங்கள் பருத்திக் கயிறு வாங்குங்கள், இரண்டு நிறத்தில். ஓர் அங்குலப் பருமனில் உருளைக் கட்டை ஒன்று. துடைப்பக் கட்டையை அறுத்தாலும் போதும். அதன் மேல் காகிதம் சுற்றி, விளிம்பில் குண்டூசி குத்திக்கொள்ளலாம். கூர் மழுங்கிய ஊசி ஒன்று, வாரைத் தூக்கி வழி விட. முதல் மாதத்துக்கு இதற்கு மேல் காசு செலவழிக்காதீர்கள்.

அடுத்தது நான் எல்லோரிடமும் சண்டை போடும் விஷயம். காணொளியைப் பார்த்து "மேலே, கீழே, மேலே, மேலே, கீழே" என்று மனப்பாடம் செய்கிறார்கள். நானும் செய்தேன். நோட்டில் எழுதி, அடுப்படியில் ஒட்டி, சாம்பார் கிண்டிக்கொண்டே முணுமுணுத்தேன். அந்த ஒரு அளவு முடிச்சு வந்தது. கட்டை மாறியதும் ஒன்றும் வரவில்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டு எண்கள்தான். முடிச்சின் நீளவாக்கில் ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டை எத்தனை வார் கடக்கிறது என்பது ஓர் எண். அதை நான் இழை என்கிறேன். விளிம்பில் வார் எத்தனை இடத்தில் வளைந்து திரும்புகிறது என்பது இன்னொன்று. அது திருப்பம். இந்த வேலையின் அடிப்படை முடிச்சுக்குத் துருக்கித் தலை என்று பெயர், தலைப்பாகை போல இருப்பதால். அதில் எல்லோரும் பழகுவது ஐந்து இழை, நாலு திருப்பம். வார் கட்டையை ஐந்து சுற்று சுற்றும், ஒவ்வொரு விளிம்பிலும் நாலு முறை திரும்பும், பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். முடிச்சு நீளமாக வேண்டுமானால் இழையைக் கூட்டுவது, கட்டை பருமனாக இருந்தால் திருப்பத்தைக் கூட்டுவது.

ஆனால் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. இரண்டு எண்ணுக்கும் பொது வகுஎண் இருந்தால் ஒரே வாரில் முடிச்சு மூடாது. ஆறு இழை, நாலு திருப்பம் என்று நான் இரண்டு நாள் போராடியிருக்கிறேன். பாதியிலேயே வார் தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்கும். கட்டையில் பாதி காலியாகக் கிடக்கும். பெரியவர் "அதுக்கு ரெண்டு வார் வேணும்" என்றார், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு விடை கிடைத்தது ஒரு மார்கழிக் காலையில், வாசலில் சிக்குக் கோலம் போடும்போது. நாலுக்கு நாலு நேர்ப்புள்ளி வைத்துச் சுழித்தால் நாலு தனித்தனிக் கம்பி வரும். ஐந்துக்கு நாலு வைத்தால் கை எடுக்காமல் ஒரே கம்பியில் எல்லாப் புள்ளியும் சுற்றி முடியும். இதேதான் அது! மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். அம்மா கோலம் கற்றுத் தந்தபோது ஐந்துக்கு நாலு, ஏழுக்கு ஆறு என்றுதான் வைப்பாள். இந்த முடிச்சைப் பெரிதாக்கும்போதும் அதே வரிசைதான்: மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு நாலு, ஏழுக்கு ஆறு. வாரை ஏற்கெனவே போட்ட வழிக்குப் பக்கத்திலேயே ஓட்டி, திரும்பி வரும்போது அந்த ஜோடியைப் பிரித்து ஊடே நுழைத்தால் இரண்டிரண்டாகக் கூடும்.

சரிபார்க்கவும் எண்தான் உதவும். இழையில் ஒன்றைக் கழித்துத் திருப்பத்தால் பெருக்கினால் எத்தனை குறுக்கு, அதாவது வார் மேல் வார் கடக்கும் இடம், வர வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐந்துக்கு நாலில் பதினாறு. நான் ஒவ்வொரு முடிச்சும் முடிந்ததும் கட்டையைத் திருப்பித் திருப்பி விரல் வைத்து எண்ணுவேன். ஒரு வாரைப் பிடித்துக்கொண்டே போனால் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வர வேண்டும். பதினாறும் இருந்து, எங்கோ இரண்டு 'மேல்' அடுத்தடுத்து வந்தால் அங்கேதான் தப்பு. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வாரை முடிச்சின் இடைவெளிகளில் நுழைத்து ஊடு பின்னினால் தப்பு மறையாது, இரட்டிப்பாகும்.

வார் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கும் இதிலிருந்தே வருகிறது. ஓர் அங்குலக் கட்டையின் சுற்றளவு மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து சுற்றுக்கு 16 அங்குலம். வார் சாய்ந்து போவதால் ஒன்றரை மடங்கு, 24. கையில் பிடித்து இழுக்க ஓர் ஆறு அங்குலம். ஆக 30. ஊடு பின்ன இன்னொரு நிறத்தில் அதே அளவு. கடைசி இரண்டு குறுக்குக்கு வார் போதாமல் போவதைப் போல எரிச்சல் வேறில்லை, தாராளமாகவே வெட்டுங்கள்.

கயிற்றில் கை பழகியதும் கங்காரு தோல் வார், 3 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்கினேன். மெல்லியது, ஆனால் இழுத்தால் அறாது. இரு பக்கத்து விளிம்பையும் சாய்வாகச் சீவிய பிறகே பின்ன வேண்டும். சீவாத வார் ஒன்றின் மேல் ஒன்று படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும். சோப்பும் மாட்டுக் கொழுப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு பின்னினால் வார் வழுக்கி உட்காரும். மாட்டுக் கொழுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால் அந்த வேலை மட்டும் கார் ஷெட்டில் நடக்கிறது.

பச்சைத்தோலில் முக்கால்வாசிப் பாடம் ஈரம்தான். ஊற வைத்து, நீரை வடித்து, துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால் ஈரம் உள்ளும் புறமும் சமமாகும். காலையில் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் கன்னம் நனையக் கூடாது. என் முதல் மூக்கு முடிச்சை நான் சொட்டச் சொட்டப் பின்னினேன். அன்று சாயங்காலம் பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது, படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் காய்ந்து சுருங்கி, இழைக்கும் இழைக்கும் நடுவே அரிசி நுழையும் அளவு இடைவெளி. காய்ந்த வாரில் பின்னினாலோ இழுக்கும்போது மேல்தோல் வெடிக்கும். சலினாஸில் கோடைக் காலையில் பனிமூட்டம், மதியம் வெயில். ஒரே வாரத்தில் ஒரே துணி ஒவ்வொரு நாளும் வேறு ஈரம் காட்டும். இதற்கு அளவு எழுதித் தர முடியாது.

இறுக்குவதில் அவசரம் வேண்டாம். ஒரே இழுப்பில் இறுக்கினால் முடிச்சு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். தொடங்கிய நுனியிலிருந்து கடைசி வரை, தளர்ச்சியை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மூன்று சுற்றிலாவது முடிப்பது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். பிறகு வழவழப்பான இரண்டு பலகைக்கு நடுவே வைத்து உருட்டினால் உருண்டையாகப் படியும்.

எனக்கு அதிகம் கற்றுத் தந்தது போட்டதல்ல, அவிழ்த்தது. ஐந்தாவது மாதம் பெரியவர் ஒரு தேய்ந்த பழைய போசாலைக் கொடுத்து, "மூக்கு முடிச்சை அவிழ்த்துக் கொண்டு வா, வெட்டக் கூடாது" என்றார். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஊசியால் நெம்பி, ஒவ்வொரு குறுக்கையும் நோட்டில் வரைந்துகொண்டே நாலு ராத்திரி அவிழ்த்தேன். ஊடு பின்னிய வார் முதலில் வந்தது. அதன் அடியில் என் பழைய ஐந்துக்கு நாலு வரும் என்று நினைத்தால் ஒன்பதுக்கு எட்டு. அதற்கும் அடியில், முடிச்சு நடுவில் புடைத்து இரு முனையிலும் சரிவதற்காகச் சுற்றிய மெல்லிய தோல் பட்டி. வெளியே தெரியும் அழகுக்கு உள்ளே ஒரு மேடு கட்டியிருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குதிரையின் தோலில் படும் பக்கத்தில், 64 குறுக்கில் ஒன்று தப்பாக இருந்தது. காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு "என் இருபது வயசு" என்றார்.

புத்தகம் கேட்பவர்களுக்கு: புரூஸ் கிராண்ட் எழுதி 1972இல் வந்த பச்சைத்தோல், தோல் பின்னல் கலைக்களஞ்சியத்தைத்தான் இங்கே எல்லோரும் கையில் கொடுக்கிறார்கள். படங்கள் நன்று. ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், துருக்கித் தலைப் பகுதியைத் திறந்து கட்டையோடு உட்காருங்கள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிய, லூயிஸ் ஒர்டேகா செய்தவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1897இல் பிறந்த கலிஃபோர்னியாக்காரர். சுமாஷ் பழங்குடியைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் சிறுவனாகக் கற்றவர். 1986இல் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார். அவர் முடிச்சில் விளிம்பு வளைவுகள் மல்லிகை மொட்டு வரிசை மாதிரி ஒரே அளவில் நிற்கும். நெவாடாவின் எல்கோவில் 1985 முதல் நடக்கும் கௌபாய் கவிதைத் திருவிழாவில் பின்னல் வகுப்புகளும் உண்டு. போக முடிந்தவர் போகலாம். அர்ஜென்டினாவின் மாடு மேய்ப்பர்களான கௌச்சோக்களின் வேலை இன்னும் நுணுக்கம், நூல் போன்ற வாரில் செய்வார்கள். அதை முதல் வருஷத்தில் தொடாதீர்கள், கண்ணும் போகும், பொறுமையும் போகும்.

இப்போது மகளின் குதிரைக்குக் கடிவாள வார் பின்னுகிறேன். அதில் முடிச்சுகள் வரிசையாக வரும், எல்லாம் ஒரே அளவில். ஏழாவது முடிச்சில் நிற்கிறேன். நேற்று எண்ணினேன், பதினைந்துதான் வந்தது. மறுபடி எண்ணினேன். பதினைந்து. துணியை நனைத்து அதன் மேல் சுற்றி வைத்திருக்கிறேன், ராத்திரி அவிழ்க்க வேண்டும்.